காதல் கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகம்: டெல்டாவில் இந்தச் சேவை எப்படி?

சார்பதிவாளர் அலுவலகம் என்றாலே தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் நிலப்பத்திரம்தான் நினைவுக்கு வரும். அதே கட்டடத்தில், கிரையப் பத்திரக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்சில், பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பையனும் பொண்ணும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கண் வாசலில், ஒரு கண் செல்போனில். அவர்கள் நாடி வரும் திருமணப் பதிவுச் சேவையைப் பற்றியது இது. வீட்டார் சம்மதத்தோடு வருகிறவர்களுக்கு இதில் பெரிய சிரமம் எதுவும் இல்லை. சம்மதம் இல்லாமல் வருகிறவர்களை மனதில் வைத்துத்தான் மதிப்பிட வேண்டியிருக்கிறது.

காகிதம் சுத்தமாக இருந்து, எந்தச் சட்டத்தில் போகிறோம் என்பதும் தெளிவாக இருந்தால், நம்பிப் போகக்கூடிய சேவை இது. ஒரே முற்பகலில் சான்று கைக்கு வந்த ஜோடிகள் உண்டு. சட்டம் மாறிப்போனால் அதே அலுவலகம் ஒரு மாதம் காக்க வைக்கும். வீட்டை விட்டு வந்தவர்களுக்கு ஒரு மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் முதலில் கணக்குப் போட வேண்டியது, கையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதை.

இருவரும் இந்து என்றால் சாதி வேறாக இருப்பதைச் சட்டம் கேட்பதே இல்லை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் போதும். நோட்டீஸ் ஒட்டுவதும் கிடையாது, 30 நாள் காத்திருப்பும் கிடையாது. பையனுக்கு 21, பொண்ணுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், அனுப்பத்தான் வேண்டும். பொண்ணுக்கு 18 ஆக இரண்டு மாதம் இருக்கும்போது கிளம்பிப் போனால், அவள் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே ஆகாது. பையன்மேல் போக்சோ வழக்கு வரும். இரண்டு மாதப் பொறுமை இல்லாமல் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவது இப்படித்தான் தொடங்குகிறது.

இந்தச் சட்டத்தில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பதிவு வேறு, கல்யாணம் வேறு. கல்யாணம் முதலில் நடந்திருக்க வேண்டும். அலுவலகம் அதைப் பதிகிறது, அவ்வளவே. சடங்கே நடக்காமல் சான்று மட்டும் வாங்கி வைத்தால் அது இந்து திருமணம் ஆகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சியில் சேர்த்த 7ஏ பிரிவு, சுயமரியாதைத் திருமணத்துக்கானது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ இருக்கையில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்கிறோம் என்று சொல்லலாம். மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் கல்யாணம் முடிந்தது. ஐயர், அக்னி, மண்டபம் எதுவும் கட்டாயமில்லை. ஊரைக் கூட்டிச் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வக்கீல் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை 2023இல் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது.

ஆகவே போட்டோ முக்கியம். மாலை மாற்றும் நேரத்தில், சாட்சிகள் முகமும் தெரிகிற மாதிரி எடுங்கள். அழகுக்காக வெட்டி ஒட்டி வாட்ஸாப்பில் அனுப்பியதை மட்டும் வைத்துக்கொண்டு, எடுத்த மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள். எடுத்த தேதியும் நேரமும் அதில்தான் இருக்கும்.

கோயில் கல்யாணம் பற்றி. சுவாமிமலை, உப்பிலியப்பன் கோயில், வைத்தீஸ்வரன் கோயில் என்று நம் பக்கம் கல்யாணத்துக்குப் பேர்போன சன்னிதிகள் நிறைய. தேவஸ்தான ரசீது கையில் இருந்தால் பதிவு அலுவலகத்தில் கேள்வி குறையும், உண்மை. ஆனால் பெரிய கோயில் அலுவலகங்களில் வயதுச் சான்று, அடையாள அட்டையோடு, கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய முதல் திருமணச் சான்றும் கேட்பது வழக்கம். பெற்றோர் வர வேண்டும் என்று சொல்லும் இடங்களும் உண்டு. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இந்தச் சான்றுக்கு மனுக் கொடுத்துவிட்டு வெளியே வருவதற்குள் டீக்கடை வரைக்கும் சேதி போய்விடும். சின்ன ஊரில் அதை யாராலும் தடுக்க முடியாது. வீட்டில் எதிர்ப்பு இருக்கிறவர்கள் சாமி முன்னால்தான் தாலி கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால், ரசீது இல்லாத ஒரு சின்னக் கோயிலில் சாட்சிகளோடு கட்டினாலும் 7ஏ பிரிவுக்குப் போதும்.

இங்கே இந்தச் சேவையின் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அலுவலகத்துக்கு அலுவலகம் கேட்கும் காகிதம் மாறுகிறது. கல்யாணப் பத்திரிகையோ கோயில் ரசீதோ இல்லாமல் மனுவையே வாங்காத இடம் உண்டு. 7ஏ என்று சொன்னதும் புரிந்துகொண்டு வாங்கிக்கொள்ளும் இடமும் உண்டு. தேதி, இடம், நடந்த முறை, சட்டப்பிரிவு எல்லாம் எழுதி, ஜோடியும் சாட்சிகளும் கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அப்படியும் மறுத்தால், மறுப்புக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

மனு பதிவுத்துறையின் இணையதளத்தில் போட வேண்டும். கணக்குத் தொடங்கி, விவரம் நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, கட்டணம் கட்டி, நாள் குறித்துக்கொண்டு நேரில் போகலாம். தளம் தமிழிலும் இருக்கிறது. நிதானமாக உட்கார்ந்தால் யார் உதவியும் இல்லாமல் முடிக்கலாம். அரசுக் கட்டணம் சொற்பம். வெளியே "எல்லாம் சேர்த்து" என்று ஆயிரக்கணக்கில் கேட்பது எழுத்துக்கூலியும் அவசரத்தின் விலையும்தான். கட்டணம் கட்டும் நேரத்தில் சர்வர் படுப்பது உண்டு. பணம் பிடித்துவிட்டு ரசீது வராமல் போனால் உடனே மறுபடி கட்டாமல் சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

சிக்கல் வருவது விவரங்களில். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருக்கும், வாக்காளர் அட்டையில் இருக்கவே இருக்காது. மூன்றும் ஒரே ஆள் என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். வயதுக்குப் பிறப்புச் சான்றையோ மதிப்பெண் பட்டியலையோ அடிப்படையாக வைத்து, மற்றதை அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமானது. சீர்காழி, தரங்கம்பாடிப் பக்கம் பலருடைய பழைய அட்டையில் இன்னும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே இருக்கிறது. எந்த மாவட்டம், எந்தச் சார்பதிவகம் என்று மனுவில் தேர்வு செய்யும்போது இது குழப்பும்.

அதைவிடப் பெரியது போன் நம்பர். பொண்ணின் ஆதாரில் அப்பாவின் நம்பரோ அண்ணனின் நம்பரோ இணைந்திருக்கும். நோன்புக் கயிறு கட்டின கையோடு இ-ஆதாரை டவுன்லோடு செய்யப் பார்ப்பார்கள், ஓடிபி போய் அப்பா சட்டைப்பையில் மணி அடிக்கும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஆதார் மையத்துக்குப் போய் சொந்த நம்பரை இணைத்துவிடுங்கள். அசல் சான்றுகள் வீட்டு பீரோவில் இருந்தால், மதிப்பெண் பட்டியலும் பிறப்புச் சான்றும் நகல் வாங்கக்கூடியவை. அவற்றை எடுக்கப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நாள் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முகூர்த்த நாளில் பத்திரப்பதிவுக்குக் கூட்டம் அலைமோதும், அதற்கென்றே கூடுதல் டோக்கன் விடுவார்கள். அன்று திருமணப் பதிவுக்குப் போனால் மாலை வரை பெஞ்சு தேய்க்க வேண்டியதுதான். தேடி வருகிற சொந்தக்காரர்களுக்கு அது போதுமான நேரம். அஷ்டமி, நவமியில் அலுவலகம் காலியாக இருக்கும். ஆடி மாதத்தில் நிலம் வாங்குகிறவர்கள் குறைவு, பதினெட்டாம் பெருக்கு ஒன்றுதான் விலக்கு. நல்ல நேரத்தில் தாலி கட்டிக்கொண்டு, ராகு காலத்தில் பதிவுக்குப் போவது புத்திசாலித்தனம்.

சாட்சிக்கு மூன்று பேரை அழைத்துப் போங்கள், அசல் அடையாள அட்டையோடு. யாரை அழைப்பது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரே தெருவில் வசிக்கும் நண்பன் ஆசையாக வருவான். அவன் பெயரும் விலாசமும் பதிவில் ஏறும், நீங்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ போய்விடுவீர்கள், ஊரில் அடிவாங்குவது அவன்தான். வெளியூரில் வேலை செய்யும் இடத்துத் தோழர்கள், வயதில் மூத்தவர்கள், ஊர்க்கட்டுப்பாட்டுக்குப் பயப்படத் தேவையில்லாதவர்கள் நல்லது.

உள்ளே நடப்பது சுருக்கம்தான். வெப்கேமரா முன்னால் நிற்க வேண்டும், கருவியில் விரல் வைக்க வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பொண்ணுக்கு அங்கேயே கால் மணி நேரம் ஆகலாம். கட்டைவிரலை வைத்தால் சிவப்பு விளக்கு, துடைத்து வைத்தால் மறுபடி சிவப்பு விளக்கு. சேற்றில் ஊறித் தேய்ந்த ரேகையைக் கருவி படிக்காது. ஈரத்துணியால் துடைத்து, சற்று அழுத்தி, அதுவும் இல்லையென்றால் வேறு விரலை வைக்கச் சொல்வார்கள். பதற வேண்டாம், அது மறுப்பு இல்லை.

அதற்குப் பிறகு சார்பதிவாளர் பொண்ணைப் பார்த்துக் கேட்பார்: "யாரும் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டு வரலையேம்மா? உன் இஷ்டம்தானே?" நல்ல அலுவலர், பையனைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்பார். அப்படிக் கேட்டால் கோபப்பட வேண்டாம். இந்தச் சேவையில் மனதாரப் பாராட்ட வேண்டிய ஒரு நிமிடம் அது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அரசு அதிகாரி அவள் விருப்பத்தை அவளிடமே கேட்கிறார். பையன் பதில் சொல்லக் கூடாது. அவள் நிமிர்ந்து, தன் வாயால் "ஆமா சார், என் இஷ்டம்தான்" என்று சொன்னால், பின்னால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லவும் அந்தக் குரல் பழகியிருக்கும்.

மதம் வேறு என்றால், இருவரும் அவரவர் மதத்திலேயே இருக்க விரும்பினால், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். நாகூர்ப் பொண்ணும் திருவாரூர்ப் பையனும், வேளாங்கண்ணிப் பையனும் மன்னார்குடிப் பொண்ணும் வந்து நிற்பது இந்தச் சட்டத்தின் வாசலில்தான். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் குறைந்தது 30 நாள் வசித்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து 30 நாள் கழிய வேண்டும். கொடுத்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும், தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிக்கும் நாளில் திருமண அலுவலர் முன், 3 சாட்சிகள் முன், ஒருவரையொருவர் ஏற்கிறோம் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் திருமணம் முழுமை.

இந்த அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டி வைக்கும் பலகையைப் பாருங்கள். சுவரில் ஒரு மரச்சட்டம், அதில் குண்டூசி குத்திய காகிதங்கள். மேலே நிலமதிப்பு பற்றிய சுற்றறிக்கை, கீழே ஓரம் சுருண்ட ஒரு தாள். அதில் பெயர், வயது, தொழில், இப்போது இருக்கும் இடம், சொந்த ஊர் விலாசம், மணமாகாதவரா, துணையை இழந்தவரா, விவாகரத்து ஆனவரா என்பது வரை எல்லாம். பத்திரம் எழுத வந்தவர் வெற்றிலை மென்றுகொண்டே படிக்கலாம். சொந்த ஊர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டால் முடிந்தது. சென்னையிலோ திருப்பூரிலோ ஹாஸ்டலில் இருப்பவர்கள் அங்கேயே அறிவிப்புக் கொடுத்துவிட்டால் ஊருக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். அது தவறு. நிரந்தர விலாசம் வேறு மாவட்டம் என்றால், அங்குள்ள திருமண அலுவலருக்கும் நகல் போகும், அங்கும் ஒட்டப்படும். பெற்றோர் வீட்டுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. அப்படி அனுப்புவதாக யாராவது சொன்னால், எந்தப் பிரிவில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பலகையைப் பார்த்து அப்பா வந்து "எனக்குச் சம்மதமில்லை" என்று எழுதிக் கொடுத்தால் அது ஆட்சேபணையே அல்ல. வயது, ஏற்கெனவே உயிரோடு இருக்கும் துணை, மனநிலை, தடை உறவு என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்லும் காரணங்கள் மட்டுமே எடுபடும். அப்படி வந்தாலும் 30 நாளுக்குள் அலுவலர் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். எதிராக முடிவானால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், வாழப்போகிறவர்களின் விலாசத்தைச் சுவரில் ஒட்டி வைக்கும் இந்த முறையை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை. ஆட்சேபணைக்குப் பெயரும் வயதும் போதும்.

தடை உறவு என்றதும் ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகள் உரிமை என்றே பேசுவோம். இந்து திருமணச் சட்டம் வழக்கத்தை ஏற்று அதற்கு இடம் கொடுக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின் அட்டவணையிலோ அவர்கள் தடை உறவு. அரசிதழில் அறிவிக்கப்பட்ட வழக்கம் இருந்தால்தான் விலக்கு. மாமன் குடும்பம் ஒரு தலைமுறைக்கு முன் கிறிஸ்தவத்துக்குப் போயிருந்து, முறைப்பெண்ணையே காதலித்தவர்கள் இந்த இடத்தில் சிக்குவார்கள். அறிவிப்புக் கொடுக்கும் முன் வக்கீலைப் பாருங்கள். ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 1872ஆம் ஆண்டுச் சட்டப்படி தேவாலயத்திலும் முடிக்கலாம், ஆனால் அங்கும் கல்யாணத்தைச் சபையில் முன்கூட்டியே அறிவிக்கும் ஓலை வாசிப்பு உண்டு, மறைவாக நடக்காது.

"மதம் மாத்திக் கட்டினா ஒரு குழி நிலம் கிடையாது" என்கிற மிரட்டலுக்கும் பதில் தெரிந்திருக்கட்டும். இந்துக் கூட்டுக்குடும்பத்து ஆள் வேறு மதத்தவரைச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தால், குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். பிரிவது வேறு, பங்கு போவது வேறு. பூர்வீகச் சொத்தில் உள்ள பங்கு பறிபோகாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை அவர் விருப்பப்படி எழுதலாம், அது யார் யாரைக் கட்டினாலும் அப்படித்தான்.

மறுமணக்காரர்களுக்கு. துணை இறந்திருந்தால் இறப்புச் சான்று போதும். பிரிந்திருந்தால் நீதிமன்றத் தீர்ப்பு நகல் வேண்டும், மேல்முறையீட்டுக் காலமும் கடந்திருக்க வேண்டும். "பஞ்சாயத்தில் பேசித் தீர்த்துவிட்டாங்க, பத்திரத்தில் எழுதி வாங்கியாச்சு" என்று முத்திரைத்தாளோடு வருகிறவர்கள் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அலுவலகம் அதை வைத்துப் பதியாது. அதை மறைத்து முதல் மணம் என்று எழுதினால் இரண்டாவது மணமே செல்லாமல் போகும், இருதார வழக்கும் வரும். திருநங்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலோடு போங்கள்.

பதிவுக்குப் பிறகு வருவது போலீஸ். "பொண்ணைக் காணவில்லை" என்று வீட்டார் மனுக் கொடுத்திருப்பார்கள். ஓடி ஒளிவதைவிட, சான்று, வயதுச் சான்று, போட்டோ மூன்றின் நகலையும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, பாதுகாப்புக் கேட்டு, ஒப்புகையை வைத்துக்கொள்வது நல்லது. வயது வந்த இருவர் தங்கள் விருப்பப்படி மணப்பதில் குடும்பமோ ஊரோ தலையிட முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதோடு, மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, பாதுகாப்பு இல்லம் பற்றியும் உத்தரவிட்டிருக்கிறது. பெண்களுக்கு 181, சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு வந்தால் எந்த ஊர் என்பதைப் பொறுத்துப் பயணம் மாறும். கும்பகோணம், பட்டுக்கோட்டைக்காரர்கள் தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளைக்கு. மன்னார்குடி, நாகைக்காரர்கள் சென்னைக்கு.

இந்தச் சேவையை மிகத் தவறாகப் பயன்படுத்தும் விதம் ஒன்று டெல்டாவில் பரவலாக இருக்கிறது. "பாதுகாப்புக்கு" என்று ரகசியமாகப் பதிந்துவிட்டு, அவரவர் வீட்டுக்குத் திரும்பிப் போய், வேலை கிடைக்கட்டும், தங்கை கல்யாணம் முடியட்டும் என்று இருப்பது. ஒரு வருஷம் ஓடும். இடையில் பொண்ணுக்கு வீட்டில் நிச்சயதார்த்தம் வைப்பார்கள். அவளால் சொல்லவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மனம் மாறி இருவருமே வேண்டாம் என்றாலும், சார்பதிவாளரால் பதிவை ரத்து செய்ய முடியாது. நீதிமன்றம் மட்டுமே முடியும். கல்யாணம் ஆகி ஒரு வருஷத்துக்குள் விவாகரத்து மனுவே பொதுவாகப் போட முடியாது. சம்மதத்தோடு பிரிவதற்கும் ஒரு வருஷம் தனித்திருக்க வேண்டும். சேர்ந்து குடித்தனம் நடத்த வாடகைக்கு ஒரு அறையும் மூன்று மாதச் செலவுக்குப் பணமும் இல்லாதவரை பதியாதீர்கள். காத்திருப்பது காதலுக்குக் குறைச்சல் இல்லை.

ஏற்கெனவே கல்யாணம் முடித்துப் பதியாமல் இருப்பவர்கள், எந்த மதமானாலும், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். விட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள்.

கையில் சான்று வந்த பிறகு இரண்டு வேலை. ஒருவர் பட்டியல் இனத்தவரோ பழங்குடியினரோ ஆகி, மற்றவர் வேறு சாதி என்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவு கலப்புத் திருமண உதவித் திட்டத்தில் 25,000 ரூபாயும், பட்டம் அல்லது டிப்ளமோ முடித்திருந்தால் 50,000 ரூபாயும், கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கமும் உண்டு. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். இருவரின் சாதிச் சான்றும் தேவை. அடுத்தது ரேஷன் கார்டு. புதுக் கார்டு வேண்டுமென்றால் அப்பா கார்டிலிருந்து பெயர் நீங்க வேண்டும். அதற்கான ஓடிபியும் குடும்பத் தலைவர் போனுக்கே போகும். அதனால் அந்த மனுவை, ஊர்ச் சூடு சற்று ஆறிய பிறகு, வட்ட வழங்கல் அலுவலரிடம் திருமணச் சான்றோடு நேரில் கொடுத்துப் பேசுங்கள்.